கிரீஸ் பூசித் தாட்டது

பத்மாசனி உரப்பையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தபோது மின்சாரம் நின்றிருந்தது. மாசி மாதம். அறுவடை முடிந்து ஊரே நெல்லை முல்லைத்தீவு வீதியின் ஒரு பக்கத்தில் பரப்பிக் காயவிட்டிருந்தது. பஸ்காரர்கள் வழக்கம்போல் ஏசிக்கொண்டு மற்றப் பக்கத்தால் போனார்கள். ரக்ரர் பெட்டிகளும் கலப்பைகளும் உடைந்து வருகிற நாட்கள் அவை. மெசின் ஓடாவிட்டால் ஆட்கள் மின்சாரக்காரனை விட்டுவிட்டு என்னைத்தான் முறைப்பார்கள். அதனால் எனக்கு ஏற்கெனவே எரிச்சல்.

"கரண்ட் எப்ப வரும் அண்ணை?"

"வரேக்கை வரும். இறக்கி வைச்சிட்டு இரும் தங்கச்சி."

அவள் பையை இறக்கினாள். உள்ளே இருந்தவை கணினியில் இருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்குகள். அவளுடைய புருசன் நிரஞ்சன் என் கடைக்கு எதிரே ஸ்ரூடியோ வைத்திருந்தவன். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீடு என்று தர்மபுரத்தில் நடந்த எதையும் அவன் கமெரா பார்க்காமல் விட்டதில்லை. எடுத்த எல்லாம் அந்தப் பைக்குள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் துளை போட்டுத் தரவேண்டும் என்று முதல் நாளே வந்து போனில் எழுதிக் காட்டியிருந்தான். 'துளைத்த பிறகு பத்மா மண்ணுக்குள் தாட்டு விடுவா. எரிக்கக்கூடாது, புகை நஞ்சு' என்றும் எழுதினான். அன்றைக்கு அவனுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். அதோடு இரும்புத்தூசு பறக்கிற இடத்தில் அவன் நிற்கவும் கூடாது.

நிரஞ்சனின் குரல் இந்தப் பக்கம் முழுக்கத் தெரிந்த குரல். அவனுடைய தாய் தகப்பன் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். பத்மாசனி உருத்திரபுரத்துக்காரி, அவளுடைய ஆட்கள் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வயல் செய்தவர்கள். இந்தக் கலியாணத்துக்கு அவர்கள் கொஞ்சக் காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். நிரஞ்சன் எங்களோடு கதைக்கும்போது எங்களைப் போலத்தான் கதைப்பான். கமெரா தோளில் ஏறினால் மட்டும் பிறந்த வீட்டுப் பேச்சு வந்துவிடும். "மாப்பிள்ளை அண்ணே, கொஞ்சம் இங்கிட்டு பாருங்க. அம்மா சிரிங்க. இன்னும் சிரிங்க." கலியாணவீட்டுப் பெடியள் எல்லாம் அவனைப்போலக் கத்திப் பகிடி பண்ணுவார்கள். தன் ஆட்களுக்கு முன்னால் அப்படிக் கத்தவேண்டாம் என்று பத்மாசனி சண்டை பிடிப்பாள். ஆனால் அவளுடைய தமக்கையின் கலியாணத்தில் அந்தச் "சிரிங்க"வுக்குத்தான் அவள் முதல்முதல் சிரித்தாள் என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான்.

முதலில் வந்தது இருமல்தான். கலியாண வீடியோக்களில் எல்லாம் இருமல் விழுந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் யாரோ இருமுகிறான் என்று லண்டனில் இருந்து ஒரு வீட்டுக்காரர் குறை சொன்னார். அன்றிலிருந்து அவன் உட்கார்ந்து ஒவ்வொரு இருமலையும் வெட்டி எடுத்துவிட்டுத்தான் வீடியோவைக் கொடுப்பான். பிறகு குரல் கம்மியது. பனி என்றான், புழுதி என்றான். கடைசியில் டொக்டர் சொன்னது வேறு. வெட்டினார்கள். குரல்வளை போய்விட்டது. கழுத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு துணித்துண்டு. அந்த ஓட்டையால்தான் மூச்சு. ஆள் உயிரோடு இருக்கிறான், குழைத்த சோறும் சொதியும் விழுங்குகிறான். அதற்கு எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் எதிர்க்கடை சத்தமில்லாமல் பூட்டிக்கிடப்பதைப் பார்க்க எனக்கு வேலையே ஓடாது.

கடையை விற்று முடித்த நேரத்தில்தான் அந்தக் கதை வந்தது. வேறொரு ஊரில் ஒரு ஸ்ரூடியோக்காரன் பழைய கணினியை இரும்புக்காரனிடம் போட்டானாம். அதற்குள் இருந்த சாமத்தியவீட்டுப் படங்கள் போன் போனாகப் போய்விட்டனவாம். பெரிய பிள்ளையான சிறுமிக்கு ஈரச்சேலையோடு தண்ணீர் வார்க்கிறதை நாங்கள் ஒளிக்காமல் படம் எடுப்பிக்கிறவர்கள். அன்றைக்கு அது சந்தோசம். வேறொருவன் கைக்குப் போனால் அதுவே மானக்கேடு. அந்தப் படங்களால் ஒரு பிள்ளையின் கலியாணம் குழம்பியது என்று சொன்னார்கள்.

அடுத்த நாளே கமலாசனி அக்கா நிரஞ்சனின் வீட்டு வாசலில் நின்றா. நெல் அவிக்கிற மனுசி. ஒரே மகளுக்குக் கனடாவில் சம்பந்தம் பேசி முடிகிற நேரம். அழித்துவிட்டால் போதாதா என்று கேட்டாவாம். அழித்தாலும் தெரிந்தவன் திருப்பி எடுப்பான், உள்ளே இருக்கிற தட்டு உடையவேண்டும் என்று அவன் எழுதிக் காட்டினான். ஒன்றும் மிச்சம் விடமாட்டேன் என்று எழுதி, கையையும் நெஞ்சில் வைத்தானாம்.

இது சின்ன விசயம் இல்லை. ஊரிலேயே ஒன்றையும் அழிக்காதவன் அவன். கடைசிச் சண்டையில் நாங்கள் எல்லாவற்றையும் விட்டு ஓடினபோது, ஊர்ப்பட்ட கலியாண வீடியோ கசெற்றுகளைப் பொலித்தீனில் சுற்றித் தன் வளவு வேம்படியில் தாட்டுவிட்டுப் போனான். செட்டிகுளத்து முகாமில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து கிண்டியபோது எல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கூழாகிக் கிடந்தன. அதற்குப் பிறகு, சண்டையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். என்ரை மகன் அந்தக் கலியாணத்தில் நின்றவன் தம்பி, ஒரு படமாவது இருக்குமோ என்று கேட்டார்கள். அவன் கையை விரித்தான். அந்தக் கையை விரித்ததை அவன் மறக்கவேயில்லை. அதிலிருந்து எடுத்த எதையும் அழிப்பதில்லை என்று வைத்திருந்தான்.

அதே குழியில் பத்மாசனி தாட்டது தன் தையல் மெசினின் தலை. அதற்கு அவள் கைப்பிடி கைப்பிடியாகக் கிரீஸ் பூசியிருந்தாள். அது துருவில்லாமல் வந்தது. திரும்பி வந்த முதல் வருசம் அந்த மெசின்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியவைத்தது.

மின்சாரம் வருமட்டும் பட்டறை வாசலில் இருந்து இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. இதில் எல்லாம் அவனுடைய குரல் இருக்குமே, அதை மட்டும் வேறாக எடுத்து வைக்க ஏலாதா என்று கேட்டேன்.

"கேட்டனான் அண்ணை. பிள்ளை சாரங்கா கம்பஸ் லீவிலை வரேக்கை பிரிச்சு எடுத்துத் தருவாள் எண்டனான். அந்தக் குரலைக் கேட்டால் தனக்கு மூச்சு முட்டுதெண்டு எழுதிக் காட்டினார். பிறகு நான் கேக்கேல்லை."

"மகளின்ரை போனிலை ஒண்டும் இல்லையோ?"

"கிடக்கு. கம்மின குரல். அது நோயின்ரை குரல் தானே."

அவள் அழவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளிலிருந்து அவள் இப்படித்தான். முற்றம் கூட்டுவாள், சோறு குழைப்பாள், கழுத்துத் துணியைக் கழுவி வெயிலில் போடுவாள். யாரும் ஏசினாலும் அவளுக்குத் தெரியாது, சிரித்தாலும் தெரியாது. உடம்பு மட்டும் வேலை செய்தது.

மின்சாரம் வந்தது. துளைக்கிற மெசினுக்குக் கீழே இருக்கிற வைஸில் முதல் டிஸ்க்கை இறுக்கினேன். இவை இறுக்கமான சாமான்கள். மேல்மூடி தகரம், கீழே அலுமினியம். முதலில் சின்ன ஊசியால் வழி போட்டு, எண்ணெய் விட்டு, பிறகு பெரிய ஊசியால் இறக்கவேண்டும். நடுவில் துளைத்தால் அச்சில்தான் படும். தட்டில் பட வேண்டுமென்றால் கொஞ்சம் ஒதுங்கி இறக்கவேண்டும். மூடியைத் தாண்டினதும் சத்தம் மாறும். பழைய கணினி டிஸ்க்குகளின் தட்டு கீச்சிட்டுக்கொண்டு சுருள் சுருளாகக் கழன்று வரும். சின்ன டிஸ்க்குகளுக்குள் கண்ணாடித் தட்டு. அவை உள்ளேயே நொறுங்கி, தூக்கிக் குலுக்கினால் மணல்போலச் சத்தம் வரும்.

நான் துளைக்க, அவள் எடுத்துத் தந்தாள். ஒவ்வொன்றின் மேலும் நிரஞ்சன் கறுப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தான். அவள் அதை வாசித்துவிட்டுத் தருவாள். 'கலியாணம், தர்மபுரம்.' 'சாமத்தியவீடு, உருத்திரபுரம்.' 'கலியாணம், விசுவமடு.' மெசின் சத்தத்துக்குள் அவள் வாசிப்பது எனக்குக் கேட்காது. உதடு அசைவது மட்டும் தெரியும்.

பாதியில் கமலாசனி அக்கா வந்தா. உமி ஒட்டின கையோடு வந்து நின்று, தன் மகளுடையது எது என்று கேட்டா. பத்மாசனி தேடி எடுத்துக் காட்டினாள். அதைத் தன் கண்ணுக்கு முன்னால் துளைக்கச் சொன்னா. துளைத்துக் கையில் கொடுத்தேன். அக்கா அதைத் தூக்கி, ஓட்டையால் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தா.

"இதுக்குள்ளையோ எங்கடை பிள்ளை இவ்வளவு நாளும் கிடந்தவள்."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா. பத்மாசனியின் தோளில் கை வைத்து, குறை நினைக்காதை பிள்ளை, உன்ரை மனுசன் பிழையானவர் இல்லை, ஊர்தான் பொல்லாதது என்றா. பத்மாசனி ஓம் என்றாள். அக்கா போனபிறகு அந்த டிஸ்க்கின் துளையை விரலால் தடவினாள்.

"அவருக்கும் ஓட்டை போட்டாச்சு. இதுக்கும் போட்டாச்சு."

அடுத்ததைத் தாரும் என்றேன். நான் இப்படியான நேரங்களில் ஒன்றுக்கும் உதவாதவன்.

பை வெறுமையானது. துளைத்தவற்றை எல்லாம் ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள் போட்டேன். பத்மாசனி போகவில்லை. சேலைத்தலைப்பை விலக்கி, இடுப்பில் செருகியிருந்த ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அதுவும் ஒரு டிஸ்க். மேலே 'செத்தவீடு' என்று எழுதியிருந்தது.

"அண்ணை, கொஞ்சம் கிரீஸ் தாறியளோ?"

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் தாட்டு விடுகிறது வேறு, தாட்டு வைக்கிறது வேறு. செத்ததைத் தாட்டு விடுவோம். திரும்பி வந்து எடுக்கவேண்டியதைத் தாட்டு வைப்போம். மண்ணோடு மண்ணாகப் போகட்டும் என்று நினைக்கிற சாமானுக்கு யாரும் கிரீஸ் பூசமாட்டார்கள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"இதிலை செத்தவீடுகள் மட்டும்தான் அண்ணை. ஒருத்தற்றை பொம்பிளைப் பிள்ளையும் இல்லை. ஆருக்கும் மானக்கேடு வராது. நல்லாப் பாத்துத்தான் எடுத்தனான்."

வெளிநாட்டில் இருந்து வர முடியாத பிள்ளைகளுக்காக எங்கள் செத்தவீடுகளை முழுதாக எடுத்து அனுப்புவது வழக்கம். பெட்டி வந்ததில் இருந்து சுடலை வரைக்கும் எடுப்பார்கள். நிரஞ்சன் எத்தனையோ செத்தவீடுகளில் நின்றவன். பிரேதத்தைச் சுற்றி நிற்கிற சனத்தின் படத்தைப் போன் போனாக அனுப்பி யாருக்கு என்ன லாபம்? அவள் யோசித்தது சரியாகத்தான் பட்டது. ஒருவருக்கும் துரோகம் செய்யாமல் தன் புருசனின் குரலைக் காப்பாற்ற ஒரு வழி பிடித்திருந்தாள். கிரீஸ் ரின்னைத் திறந்து கொடுத்தேன். மூன்று விரலால் வழித்தெடுத்து, மூலை முடுக்கெல்லாம் பூசி, பொலித்தீனில் சுற்றி, பால்மா ரின்னுக்குள் இறக்கி மூடினாள். வாளியையும் ரின்னையும் கட்டிக்கொண்டு போனாள்.

கிளினிக்கால் திரும்பிய நிரஞ்சன் பின்நேரம் நேரே என்னிடம்தான் வந்தான். கழுத்துத் துணிமேல் கையைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றான். எல்லாம் முடிந்ததா என்று கண்ணால் கேட்டான். என்னிடம் தந்ததெல்லாம் துளைத்தாயிற்று என்றேன். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் மூடாமல் கிடந்த கிரீஸ் ரின்னைப் பார்த்தான். அதில் மூன்று விரல் தடம். அவனும் அந்த வேம்படிக் குழியைக் கிண்டினவன்தானே. ஒன்றும் எழுதாமல் திரும்பிப் போனான்.

அடுத்த நாள் காலை நான் பட்டறையைத் திறக்க, பால்மா ரின்னோடு வந்து நின்றான். ரின்னில் ஈரமண். என்னை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, பொலித்தீனை உரித்து, டிஸ்க்கைத் தானே வைஸில் வைத்து இறுக்கினான். கிரீஸில் வழுக்கியது. கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்துவிட்டு இறுக்கினான். பிறகு மெசினின் பக்கம் கையைக் காட்டினான்.

"அது செத்தவீட்டு டிஸ்க் மச்சான். இருக்கட்டுமே."

போனில் எழுதினான். 'கமலாசனி அக்காவுக்கு ஒன்றும் மிச்சம் விடமாட்டேன் என்று சொன்னேன்.'

பத்மாசனி அவனைத் தேடிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தாள். ஓடிவரவில்லை. கையில் சொதிக் கரண்டி அப்படியே இருந்தது. வாசலில் நின்று அவனைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. நீங்கள் சொன்ன எல்லாத்தையும் குடுத்தனான். உங்கடை குரல் கிடந்த எல்லாத்துக்கும் ஓட்டை போட்டாச்சு. இது ஒண்டுதான். இதிலை ஆருக்கு என்ன வரப்போகுது?"

அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் இல்லை. அவனுடைய முகத்தில் நான் கண்டது வேறு. அவளுக்குச் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லவேண்டி வந்த ஆளின் முகம். போனைக் கையில் எடுத்தும் எழுதாமல் நின்றான். பிறகு எழுதி அவளிடம் நீட்டினான். அவள் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். போனை என்னிடம் தந்தாள். வாசிக்கவேண்டி வந்தது எனக்கு.

'இதில் நான் இல்லை. செத்தவீட்டில் நான் வாய் திறப்பதில்லை.'

இதை என் வாயால் சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. செத்தவீட்டில் அழுகிறவர்களைப் பார்த்து இங்கிட்டு பாருங்க என்று யார் சொல்வான்? சிரிங்க என்று யார் சொல்வான்? பறை அடிக்கும், பெண்கள் ஒப்பாரி சொல்லுவார்கள், ஐயர் தேவாரம் பாடச்சொல்லுவார். நிரஞ்சன் ஒரு ஓரத்தில் சத்தமில்லாமல் கமெராவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் எத்தனை செத்தவீடுகளில் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்கும் அது நினைவு வரவில்லை. எந்தக் குடும்பத்துக்கும் கெடுதல் வராததைத் தேடித் தேடி எடுத்து, அவன் குரல் இல்லாத ஒரேயொரு டிஸ்க்கை அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். மற்றதெல்லாம் துளை விழுந்து மண்ணுக்குள் கிடந்தன. துளைத்தவன் நான். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீதியில் யாரோ காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு போனார்கள். பத்மாசனி கரண்டியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள்.

"ஒரு சொல்லும் இல்லையோ?"

அவன் தலையாட்டினான். இல்லை.

"சரி." வைஸுக்குக் கிட்டப் போனாள். பிறகு கேட்டாள். "இருமினது?"

நிரஞ்சனின் கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. கலியாண வீடியோக்களில் இருமலை வெட்டி எடுப்பவன், செத்தவீட்டு வீடியோவை மட்டும் வெட்டுவதில்லை. எடுத்தபடியே அனுப்புவான். அங்கே யாரும் குறை சொல்வதில்லை. அவன் போனை எடுத்து எழுதினான். இந்தமுறை என்னிடம்தான் நேரே நீட்டினான்.

"என்ன எழுதிக்கிடக்கு அண்ணை?"

"இருமல் கிடக்கும் எண்டு எழுதியிருக்கிறான்."

"அது போதும்," என்றாள் பத்மாசனி.

நிரஞ்சன் வைஸின் பிடியைத் தானே சுற்றித் தளர்த்தினான். டிஸ்க்கை எடுத்துப் பார்த்தான். தான் துடைத்த இடங்களில் கிரீஸ் இல்லை. என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். நான் ரின்னைத் திறந்து கொடுத்தேன்.